முதல் ஆளை விடுங்கள், ஐந்தாவது ஆள் எங்கே? அமெரிக்கக் கல்லூரி கிராஸ் கன்ட்ரி சாம்பியன்ஷிப்பைப் புரிந்துகொள்ள முழுமையான வழிகாட்டி

2013, 2014, 2015 என்று மூன்று வருடம் தொடர்ந்து, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் முதல் பிரிவு கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில் (டிராக் இல்லாமல் புல்வெளியில் ஓடும் நெடுந்தூர ஓட்டம்) முதலாவதாக வந்தவர் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் செசெரெக். அந்த மூன்று வருடத்தில் ஒரு முறைகூட ஓரிகன் ஆண்கள் அணிக்குக் கோப்பை கிடைக்கவில்லை. முதல் இரண்டு வருடம் கொலராடோவும் மூன்றாவது வருடம் சிராக்யூஸும் அதைத் தட்டிச் சென்றன.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. நார்தர்ன் அரிசோனா பல்கலைக்கழக ஆண்கள் அணி 2016, 2017, 2018, 2020, 2021, 2022 என்று ஆறு முறை பட்டம் வென்றது. அந்த ஆறு வருடத்திலும் எல்லைக் கோட்டை முதலில் தொட்டவர் வேறு ஏதோ ஒரு கல்லூரியைச் சேர்ந்தவர்தான்.

இந்த இரண்டு கதைகளும் ஏன் இப்படி முடிந்தன என்று புரிந்துவிட்டால், இந்த விளையாட்டு முக்கால்வாசி புரிந்த மாதிரி. மீதிக் கால்வாசிக்கு மைதானம், காற்று, சேறு, ஓட்டத்துக்குள் எடுக்கும் முடிவுகள் எல்லாம் தெரிய வேண்டும். நவம்பர் மாதம், நன்றி நவிலல் (தாங்க்ஸ்கிவிங்) நாளுக்கு முந்தைய சனிக்கிழமை இந்தப் போட்டி நடக்கும். அங்கே காலை என்றால் நமக்கு இரவுச் சாப்பாட்டு நேரம். தட்டைப் போட்டுக்கொண்டு நேரலை பார்க்கலாம். பார்ப்பதற்கு முன்னால் என்ன தயாரிப்பு செய்யலாம், பார்க்கும்போது எங்கே கண் வைக்கலாம் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். பிள்ளைகள் பள்ளி அணியிலோ கல்லூரி அணியிலோ ஓடுகிற பெற்றோருக்கும் இது உதவும்.

படி 1: புள்ளிக் கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள்

கிராஸ் கன்ட்ரியில் டிராக் கிடையாது. புல்வெளி, மேடு பள்ளம், சில இடங்களில் சேறு. இறுதிப் போட்டியில் ஆண்களுக்கு 10 கி.மீ., பெண்களுக்கு 6 கி.மீ. தூரம். 31 அணிகள், அணிக்கு ஏழு பேர். அணி தகுதி பெறாமல் தனியாகத் தகுதி பெற்றவர்கள் இன்னும் 38 பேர். எல்லாரையும் சேர்த்தால் 255 பேர் ஒரே நேரத்தில் கிளம்புகிறார்கள்.

எத்தனையாவது இடத்தில் வந்தாரோ அதுதான் அவர் தரும் புள்ளி. ஏழு பேர் ஓடினாலும் முதலில் வரும் ஐந்து பேரின் இடங்களை மட்டும் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை எந்த அணிக்குக் குறைவோ அந்த அணிக்குக் கோப்பை. ஒரே அணியின் ஐந்து பேர் முதல் ஐந்து இடங்களைப் பிடித்தால் 15 புள்ளி. அதற்குக் கீழே போகவே முடியாது. இறுதிப் போட்டி வரலாற்றில் அந்த 15-ஐ நெருங்கி வந்தது 1981-இல் டெக்சாஸ்-எல் பாசோ அணி. 17 புள்ளி.

ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அணியில் மூன்று பேர் அசாத்திய வேகக்காரர்கள். அவர்கள் 1, 2, 3 என்று வந்துவிட்டார்கள். நான்காவது ஆள் 40-ஆவது, ஐந்தாவது ஆள் 110-ஆவது. கூட்டினால் 156. இரண்டாவது அணியில் முதல் பத்துக்குள் வர ஒருவர்கூட இல்லை. 20, 24, 28, 33, 39 என்று கூட்டமாக வந்தார்கள். கூட்டினால் 144. கோப்பை இரண்டாவது அணிக்கு. முதல் அணியின் மூன்று பேரும் தொலைக்காட்சியில் பேட்டி கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அவர்களுடைய ஐந்தாவது ஆள் கோப்பையைத் தோற்றிருப்பார்.

இதில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. முதலாவது, தனியாகத் தகுதி பெற்று ஓடுகிறவர்களின் இடங்களை அணிக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அவர்களை எடுத்துவிட்டு மற்றவர்களை வரிசையாக மேலே நகர்த்துவார்கள். அதனால் 30-ஆவதாக வந்தவர் அணிக்குத் தரும் புள்ளி 25 ஆகவோ 24 ஆகவோ இருக்கலாம். இரண்டாவது, ஆறாவது ஆளும் ஏழாவது ஆளும் புள்ளி தராவிட்டாலும் அவர்கள் பிடித்த இடம் இடம்தான். எதிரணியின் ஐந்தாவது ஆளுக்கு முன்னால் நம் ஆறாவது ஆள் வந்துவிட்டால் எதிரணிக்கு ஒரு புள்ளி கூடிவிடும்.

ஒரு புள்ளியில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தால், 2023 பெண்கள் போட்டியைப் பாருங்கள். நார்த் கரோலினா ஸ்டேட் 123, நார்தர்ன் அரிசோனா 124. அதற்கு ஏழு வருடம் முன்னால், 2016-இல், ஓரிகன் பெண்கள் 125, மிச்சிகன் 126. 2022 ஆண்கள் போட்டியிலோ நார்தர்ன் அரிசோனாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் 83-83 என்று சமமாக முடித்தன. சமம் வந்தால் இரு அணிகளின் முதல் ஆளோடு முதல் ஆள், இரண்டாவது ஆளோடு இரண்டாவது ஆள் என்று ஐந்து ஜோடியாக ஒப்பிடுவார்கள். அதிக ஜோடிகளில் முந்திய அணிக்குப் பட்டம். அப்படித்தான் நார்தர்ன் அரிசோனாவுக்கு ஆறாவது கோப்பை வந்தது. அதுவும் ஓக்லஹோமா ஸ்டேட்டின் சொந்த மைதானமான ஸ்டில்வாட்டரில். அடுத்த வருடம் ஒற்றைப் புள்ளியில் பெண்கள் பட்டத்தை இழந்ததும் இதே நார்தர்ன் அரிசோனாதான்.

படி 2: தகுதிச் சுற்று முடிவை அப்படியே நம்பாதீர்கள்

நாடு ஒன்பது மண்டலங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு மண்டலத்திலும் முதல் இரண்டு அணிகள் நேரடியாக இறுதிக்குப் போகும். அது 18 அணி. மீதி 13 இடங்களை, பருவம் முழுவதும் யார் யாரைத் தோற்கடித்தார்கள் என்ற கணக்கைப் பார்த்து நிரப்புவார்கள். ஏற்கெனவே தகுதி பெற்ற அணிகளை அக்டோபரில் நீங்கள் முந்தியிருந்தால் அந்த வெற்றி இப்போது கை கொடுக்கும்.

இதனால்தான் பெரும்பாலும் அக்டோபர் நடுவில் விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் நடக்கும் நட்டிகோம் அழைப்புப் போட்டிக்கு நாடெங்கிலுமிருந்து பலமான அணிகள் வந்து சேர்கின்றன. பருவத்தில் ஒரே ஒரு முடிவைத்தான் ஆராய நேரம் இருக்கிறது என்றால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மண்டலப் போட்டி இறுதிக்கு எட்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை நடக்கும். பலமான அணிகளுக்கு அங்கே வேண்டியது முதல் இரண்டில் ஒரு இடம், அவ்வளவுதான். கோச் ஓரிரண்டு முக்கிய ஆட்களை வெளியே உட்கார வைத்துவிடுவார். ஓடுகிறவர்களும் கூட்டமாக, பேசிக்கொண்டே வருவது போல, மூச்சு வாங்காமல் வந்து முடிப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு "இந்த அணி தேய்ந்துவிட்டது" என்று முடிவு கட்டினால் அடுத்த வாரம் ஏமாந்து போவீர்கள். மண்டலத்தில் இரண்டாவதாக வந்த அணி இறுதியில் கோப்பை தூக்குவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. விளிம்பில் இருக்கும் அணியின் கதை வேறு. அது மண்டலத்திலேயே உயிரைக் கொடுத்து ஓடித் தகுதி பெறும். எட்டு நாள் கழித்து இறுதியில் கால் கனத்துப் போய் நிற்கும்.

நான் ஒரு மண்டலப் போட்டியில் கயிற்றோரம் நின்று இதை நேரில் பார்த்திருக்கிறேன். கடைசி மேடு. ஜெர்சியெல்லாம் சேறு தெறித்த பையன் ஒருவன், முகம் சாம்பல் நிறம். அவன் கோச் கயிற்றுக்கு இந்தப் பக்கம் கூடவே ஓடிக்கொண்டு, "நாலு பேர்! நாலு பேர்!" என்று கத்தினார். எல்லைக்குள் இன்னும் நாலு பேரை முந்தினால் அணி தகுதி பெறும் என்று அர்த்தம். பையன் மூன்று பேரை முந்தினான். முடித்துவிட்டுப் புல்லில் மண்டியிட்டவன் எழுந்திருக்கவே இல்லை. அவன் பெயரை அன்று யாரும் அறிவிக்கவில்லை. 60-ஆவது இடமோ என்னவோ. ஆனால் அந்தக் கல்லூரியின் மொத்தப் பருவமும் அந்த நானூறு மீட்டரில்தான் தொங்கியது. அன்றிலிருந்து எந்தப் போட்டியிலும் முதலில் வருகிறவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பின்னால் வரும் கூட்டத்துக்குத்தான் கண் போகிறது.

படி 3: ஏழு பேரையும் தனித்தனியாக எடை போடுங்கள்

அணியின் வாய்ப்பைக் கணிக்க அந்த அணியின் ஏழு பெயரையும் எழுதுங்கள். எதிரே நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: போன வருட இறுதியில் எத்தனையாவது, இந்தப் பருவத்தின் பெரிய போட்டிகளில் எத்தனையாவது, டிராக்கில் 5,000 மற்றும் 10,000 மீட்டர் நேரம் என்ன, எந்த ஆண்டு மாணவர்.

டிராக் நேரத்தை மட்டும் வைத்துக் கணித்தால் தவறிவிடும். சமதளத்தில் 5,000 மீட்டரை வேகமாக ஓடும் ஒல்லியான பையன், சேற்று மேட்டில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைக்க வேண்டி வந்தால் திணறுவான். டிராக்கில் சாதாரண நேரம் வைத்திருக்கும் வேறொருவன் மேடு வந்தால்தான் சிரிக்கவே ஆரம்பிப்பான். இப்படிப்பட்டவர்களைப் பழைய கிராஸ் கன்ட்ரி முடிவுகளில்தான் கண்டுபிடிக்க முடியும்.

தூரத்தையும் கவனிக்க வேண்டும். ஆண்கள் பருவத்தின் பெரும்பாலான போட்டிகளில் 8 கி.மீ. ஓடுகிறார்கள். மண்டலத்திலும் இறுதியிலும்தான் 10 கி.மீ. அந்தக் கடைசி 2 கி.மீ. முதலாண்டு மாணவர்களைக் காவு வாங்கும் இடம். 8 கி.மீ. வரை முப்பதாவதாக வந்தவன் அடுத்த ஆறு நிமிடத்தில் ஐம்பது பேருக்கு வழிவிட்டுப் பின்னே போவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கலாம். எனவே ஐந்து பேரில் முதலாண்டுக்காரர் இரண்டு மூன்று பேர் இருந்தால் கணிப்பில் கொஞ்சம் இறக்கிப் போடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்த, ஏற்கெனவே பெரிய போட்டிகளில் ஓடிப் பழகிய முதலாண்டு மாணவர்களுக்கு மட்டும் இந்தத் தள்ளுபடி வேண்டாம்.

அப்புறம் அணி எந்த உயரத்தில் பயிற்சி எடுக்கிறது என்பது. நார்தர்ன் அரிசோனா இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃப் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். கிட்டத்தட்ட நம் கொடைக்கானல் உயரம். கொலராடோவின் போல்டர், நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி, பிரிகம் யங் பல்கலைக்கழகம் இருக்கும் பிரோவோ எல்லாமே மலைப்பகுதி ஊர்கள்தான். காற்றில் பிராண வாயு குறைவான இடத்தில் மாதக்கணக்கில் ஓடினால் உடம்பு ரத்தத்தில் சிவப்பணுக்களைக் கூட்டிக்கொள்ளும். கீழே இறங்கி ஓடும்போது அது உதவும். ஆனால் உயரம் மட்டுமே கோப்பை தராது. ஓக்லஹோமா ஸ்டேட், நார்த் கரோலினா ஸ்டேட் இரண்டுமே தாழ்வான ஊர்களில் இருந்துகொண்டுதான் பட்டம் வென்றிருக்கின்றன.

பயிற்சியாளரையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பயிற்சியாளரின் அணி வருடம் தவறாமல் நவம்பரில் மட்டும் உச்சத்துக்கு வரும் என்றால் அதைத் தற்செயல் என்று விட முடியாது. ஓக்லஹோமா ஸ்டேட்டின் டேவ் ஸ்மித், நார்த் கரோலினா ஸ்டேட்டின் லாரி ஹென்ஸ், பிரிகம் யங் ஆண்கள் அணியின் எட் ஐஸ்டோன், பெண்கள் அணியின் தில்ஜீத் டெய்லர் எல்லாம் அந்த வகை. தில்ஜீத் டெய்லர், இந்தியாவிலிருந்து குடியேறிய பஞ்சாபிக் குடும்பத்தின் பெண். 2024-இல் பிரிகம் யங் ஆண்கள், பெண்கள் இரண்டு பட்டங்களையும் ஒரே நாளில் வென்றது.

படி 4: மைதானத்தைப் படியுங்கள்

போட்டி ஒவ்வொரு வருடமும் ஒரே இடத்தில் நடப்பதில்லை. 1938-இல் மிச்சிகன் ஸ்டேட்டில் தொடங்கியபோது கால் நூற்றாண்டுக்கும் மேல் அங்கேயேதான் நடந்தது. இப்போது ஊர் ஊராகப் போகிறது. மைதானத்தைப் பொறுத்து ஓட்டத்தின் குணமே மாறும்.

இண்டியானா மாநிலம் டெர்ரே ஹோட்டில் இருக்கும் மைதானம் நிலக்கரி எடுத்து முடித்த நிலத்தைச் சீர்படுத்தி உருவாக்கியது. கிராஸ் கன்ட்ரிக்கென்றே கட்டிய இடம், பாதை நல்ல அகலம். அகலம் இருந்தால் பின்னால் தொடங்கியவர்கள் பிறகு முன்னேற இடம் கிடைக்கும். ஆனால் மழை பெய்துவிட்டால் அது சேற்றுக்காடு. 2019-இல் அப்படித்தான் நடந்தது. ஸ்டில்வாட்டரில் ஒரு மேடு முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். ஓக்லஹோமா காற்று வேறு முகத்தில் அடிக்கும். மேடிசனில் இருக்கும் தாமஸ் ஸிம்மர் மைதானமும் மேடு பள்ளம்தான்.

மைதானப் படத்தைப் பார்க்கும்போது மூன்று கேள்வி போதும். கிளம்பிய பிறகு முதல் திருப்பம் எவ்வளவு தூரத்தில் வருகிறது? பெரிய மேடு கடைசி 2 கி.மீ.க்குள் இருக்கிறதா? எந்த இடத்தில் பாதை குறுகுகிறது? முதல் திருப்பம் சீக்கிரம் வந்தால் எல்லாரும் தொடக்கத்திலேயே அடித்துப் பிடித்து ஓட வேண்டியிருக்கும். மேடு கடைசியில் இருந்தால் பொறுமைக்காரர்களுக்குச் சாதகம். சேறு என்றால் ஷூவில் நீளமான ஸ்பைக் ஆணி மாட்ட வேண்டும். காய்ந்த தரைக்குச் சின்ன ஆணி போதும். அதில் தப்புக் கணக்குப் போட்ட அணி முழு ஓட்டமும் வழுக்கிக்கொண்டே போகும்.

படி 5: ஓட்டத்தைப் பகுதி பகுதியாகப் பிரியுங்கள்

கிளம்பும் இடம். அணிக்கு ஒரு கட்டம், கோட்டின் நீளத்துக்கு வரிசையாக. துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் 255 பேரும் ஒரே வாய்க்காலில் பாயப்போகும் வெள்ளம் மாதிரி கிளம்புவார்கள். முதல் 400 மீட்டர் எப்போதுமே அளவுக்கு மீறிய வேகம். அங்கே கோச்சுகள் பெரும்பாலும் சொல்வது இதுதான்: கூட்டத்துக்குள் அடைபடாத அளவுக்கு வேகமாகக் கிளம்பு, மூச்சு சிக்காத அளவுக்கு நிதானமாக ஓடு. சொல்வது சுலபம். 18 வயதுப் பையன் இரண்டு பக்கமும் முழங்கை இடிக்க, முன்னால் ஓடுபவன் ஸ்பைக்கிலிருந்து மண் முகத்தில் தெறிக்க, அதைச் செய்ய வேண்டும்.

முதல் 2 கி.மீ. இங்கே அணியின் ஐந்து பேரும் ஒருவரையொருவர் தேடிப் பிடிக்க வேண்டும். கூட்டாக ஓடுவது என்பது இந்த விளையாட்டின் உயிர். உன் அணி ஜெர்சி பக்கத்தில் இருந்தால் நீ வேகத்தை யோசிக்க வேண்டாம். அவன் போனால் நீயும் போவாய். ஒருவன் தளரும்போது மற்றவன் ஒரு வார்த்தை சொல்வான். ஊர் கூடித் தேர் இழுப்பது போலத்தான். வடத்தில் ஒரு கை விலகினால் மற்ற கைகளுக்குக் கனம் தெரியும். ஆனால் கூட்டாக ஓடுவதிலும் ஓர் ஆபத்து உண்டு. மூன்றாவது ஆளின் திறமைக்கு ஏற்ற வேகத்தில் ஐந்தாவது ஆளும் ஒட்டிக்கொண்டு போனால் 7 கி.மீ.யில் அவன் வெடித்துவிடுவான். நல்ல கோச்சுகள் இரண்டு கூட்டமாகப் பிரிப்பார்கள். முன்னால் இரண்டு மூன்று பேர், பின்னால் நான்கைந்து பேர். பின் கூட்டத்துக்கு ஒரே கட்டளைதான், யாரும் தனியாகப் பின்தங்கக் கூடாது.

நடுப்பகுதி. ஆண்களுக்கு 3-லிருந்து 7 கி.மீ. வரை, பெண்களுக்கு 2-லிருந்து 4 கி.மீ. வரை. கேமரா முன்னால் ஓடும் பத்துப் பேரையே காட்டிக்கொண்டிருக்கும். கோப்பை பின்னால் கைமாறுவது இங்கேதான். 60-ஆவது இடத்திலிருந்து 150-ஆவது இடம் வரை ஆட்கள் நெருக்கி அடித்து வருவார்கள். அந்த நெரிசலில் ஒரு விநாடிக்கு இரண்டு பேர் கடப்பது சாதாரணம். ஐந்தாவது ஆள் அங்கே பத்து விநாடி இழந்தால் அணிக்கு இருபது புள்ளி போச்சு. முன்னால் ஓடும் நட்சத்திரம் அதே பத்து விநாடியைக் கூடுதலாக ஓடிச் சம்பாதித்தால் இரண்டு மூன்று புள்ளிதான் மிச்சமாகும். செசெரெக் எவ்வளவு வேகமாக ஓடினாலும் 1-க்குக் கீழே போக முடியாதே.

மேட்டில் எப்படி ஓடுவது என்பதை நான் இளைஞர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஏறும்போது பக்கத்தில் இருப்பவனோடு சேர்ந்தே ஏறு, முந்தாதே. உச்சியில் எல்லாரும் "அப்பாடா" என்று ஒரு கணம் தளர்வார்கள். அந்த இடத்தில் இருபது காலடி வேகமாக வை. மூன்று நான்கு பேரைச் செலவே இல்லாமல் கடந்துவிடலாம். திருப்பங்களில் வெளிப்பக்கமாகப் போகாமல் உள்பக்கக் கயிற்றைத் தேடிப் போவதும் இதே மாதிரிதான். 10 கி.மீ.யில் இப்படிச் சேமிக்கும் சில மீட்டர்கள் கடைசியில் இடங்களாக மாறும்.

முன்னணியில் ஓடுகிறவர்களின் தந்திரம் வேறு. சீக்கிரமே பிய்த்துக்கொண்டு போவதா, கடைசிப் பாய்ச்சலுக்குக் காத்திருப்பதா? இதற்கு 2022, 2023 பெண்கள் போட்டிகளைச் சேர்த்துப் பார்ப்பதே நல்ல பாடம். 2022-இல் ஸ்டில்வாட்டரில் ஃபுளோரிடாவின் பார்க்கர் வால்பி தனியாக முன்னால் போய்விட்டார். நார்த் கரோலினா ஸ்டேட்டின் கேட்லின் டூஹி பதறவில்லை. இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, கடைசிப் பகுதியில் பிடித்து முந்தினார். இருவருக்கும் இடையே சுமார் மூன்று விநாடி. அடுத்த வருடம் வர்ஜீனியாவில், சார்லட்ஸ்வில் பக்கத்திலிருக்கும் பனோரமா ஃபார்ம்ஸில், வால்பி மறுபடியும் முன்னால் போனார். இந்த முறை யாராலும் பிடிக்க முடியவில்லை. 18 நிமிடம் 55 விநாடியில் முடித்தார். அதே தந்திரம்தான், மைதானமும் அவர் பலமும்தான் மாறியிருந்தன. ஸ்டில்வாட்டரின் மேடுகளில் முன்னால் ஓடுவது பெரிய செலவு. அதைத் தாங்கும் பலம் முழுமையாக வருவதற்கு முன்பே அந்த ஆட்டத்தை ஆடினால் பின்னால் வருபவருக்கு இலக்காகிவிடுவோம்.

ஹார்வர்டின் கிரஹாம் பிளாங்க்ஸ் இன்னொரு வகை. 2023-லும் 2024-லும் கடைசி வரை முன் கூட்டத்தோடு இருந்து வென்றார். இரண்டு முறையும் நியூ மெக்சிகோவின் ஹப்டோம் சாமுவேல் இரண்டாவது. கடைசி வேகத்தில் நம்பிக்கை இருப்பவருக்கு அவசரம் தேவையில்லை. அந்த நம்பிக்கை இல்லாதவர்தான் நடுவிலேயே வேகத்தைக் கூட்டி மற்றவர்களின் காலைக் கனக்க வைக்க வேண்டும்.

கடைசி கிலோமீட்டர். அணியின் நான்காவது, ஐந்தாவது, ஆறாவது ஆட்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. முன்னால் இருக்கும் முதுகை மட்டும் பார், அது யார் என்று பார்க்காதே. தனி ஓட்டக்காரரா, எதிரணியா என்றெல்லாம் யோசிக்க அங்கே மூளையில் ரத்தம் இருக்காது.

படி 6: கணிப்புத் தாள் போடுங்கள்

இப்போது முதல் பத்து அணிகளுக்கும் ஐந்து இடங்களை மதிப்பிட்டு எழுதிக் கூட்டுங்கள். இறுதியில் பொதுவாக எவ்வளவு புள்ளி வெல்லும் என்று ஓர் அளவு மனதில் இருக்கட்டும். 2023 ஆண்களில் ஓக்லஹோமா ஸ்டேட் 49 புள்ளியில் வென்றது. இரண்டாவதாக வந்த நார்தர்ன் அரிசோனாவுக்கு 71. அது மிகப் பலமான வருடம். அடுத்த வருடமே பிரிகம் யங் 124 புள்ளியில் வென்றது, அயோவா ஸ்டேட் 137. பலம் ஓரிரு அணிகளில் குவிந்தால் புள்ளி குறையும், எட்டுப் பத்து அணிகளுக்குப் பரவினால் ஏறும். 120-க்கு மேல் போகும் என்று தோன்றுகிற வருடத்தில் முதல் ஐந்து கணிப்பில் இருக்கும் எந்த அணியையும் ஒதுக்காதீர்கள்.

கூட்டி முடித்த பிறகுதான் பலரும் விட்டுவிடும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஆறாவது ஆளைப் பாருங்கள். ஒவ்வொரு ஓட்டக்காரருக்கும் அன்றைய நாள் சரியில்லாமல் போகப் பத்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். சளி, வயிற்றுக் கோளாறு, தொடக்கத்தில் விழுதல், எதுவாகவும் இருக்கலாம். ஐந்து பேரை மட்டும் நம்பும் அணிக்கு ஐந்து பேரும் நன்றாக ஓட வாய்ப்பு 59 சதவீதம்தான். அதே தரத்தில் ஆறாவது ஆள் ஒருவர் இருந்து, யாராவது ஒருவர் சறுக்கினாலும் தாங்கும் என்றால் அது 89 சதவீதத்துக்குப் போகிறது. ஏழு பேரும் ஒரே தரம் என்றால் 97. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த நாளிலிருந்து, இரண்டு அணிகள் தாளில் சமமாக வந்தால் ஆறாவது ஆள் பலமான அணியைத்தான் மேலே போடுகிறேன்.

முதல் ஆளுக்கும் ஐந்தாவது ஆளுக்கும் எத்தனை விநாடி இடைவெளி என்பதையும் குறித்துக்கொள்ளலாம். ஆனால் அதை மட்டும் பிடித்துத் தொங்க வேண்டாம். ஐந்து பேரும் 120-ஆவது இடத்தில் பத்து விநாடிக்குள் வந்தால் இடைவெளி அழகாக இருக்கும், அணி பின்வரிசையில் இருக்கும்.

படி 7: ஓட்ட நாளில்

பாதையில் குறிப்பிட்ட தூரங்களில் தரையில் விரித்த பாய் போன்ற கருவி ஓட்டக்காரரின் சிப்பைப் படித்து, அந்த நேரத்து அணிப் புள்ளிகளைத் திரையில் காட்டும். முதல் 2 கி.மீ. புள்ளியைப் பார்த்துக் கைதட்டவும் வேண்டாம், கவலைப்படவும் வேண்டாம். வேகமாகக் கிளம்பிய அணி அங்கே அழகாகத் தெரியும். பாதித் தூரத்தில் ஒரு தடவை, முக்கால் தூரத்தில் ஒரு தடவை குறியுங்கள். அந்த இரண்டுக்கும் நடுவே எந்த அணியின் புள்ளி இறங்கிக்கொண்டே வருகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. 5 கி.மீ.யில் 150, 8 கி.மீ.யில் 115 என்று வரும் அணி, 95-லிருந்து 110-க்கு ஏறிய அணியை அனேகமாகப் பிடித்துவிடும்.

முக்கால் தூரத்தில் உங்கள் அணியின் நான்காவது ஆளும் ஐந்தாவது ஆளும் ஒன்றாக இருக்கிறார்களா என்று தேடுங்கள். ஒன்றாக இருந்தால் நல்லது. ஐந்தாவது ஆள் தனியாக விழுந்துவிட்டான் என்றால் ஆறாவது ஆள் எங்கே என்று பாருங்கள். அவன் பின்னாலிருந்து வந்து ஐந்தாவது ஆளாக மாறிக் கோப்பையைக் காப்பாற்றுவதைப் பார்ப்பதற்காகவே இந்தப் போட்டியைப் பார்க்கலாம்.

முடிவுகள் வந்ததும் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். நீங்கள் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் உண்மையான இடத்தைச் சிவப்பு மையில் எழுதுங்கள். யாரை அதிகமாக மதிப்பிட்டீர்கள், சேறா, தூரமா, முதலாண்டா என்று ஒரு வார்த்தையில் காரணம் எழுதுங்கள். படிப்பை முடித்து வெளியேறும் கடைசி ஆண்டு மாணவர்கள் பெயரை அடித்துவிடுங்கள். மீதி நிற்கும் பெயர்களை வைத்து அடுத்த வருடத் தாளை அன்றிரவே தொடங்கிவிடலாம்.